ஆன் லோ: கோடீஸ்வரர்களுக்குத் தைத்தவர் ஏன் கடனாளி ஆனார்?

ஒரு கட்டத்தில் அமெரிக்க உடை வடிவமைப்பாளர் ஆன் லோவிடம் 35 பேர் வேலை செய்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 1,000 உடைகள், 3 லட்சம் டாலர் விற்பனை. வாடிக்கையாளர் பட்டியலைப் பார்த்தால் ராக்ஃபெல்லர், டு பான்ட், ரூஸ்வெல்ட், ஆக்கின்க்ளாஸ் என்று அமெரிக்காவின் பழைய பணக்காரக் குடும்பங்கள் வரிசையாக வரும். பின்னாளில் அமெரிக்க அதிபரின் மனைவியான ஜாக்குலின் (ஜாக்கி) கென்னடி கல்யாணத்தன்று உடுத்திய உடையும் அவர் கைவேலைதான். அப்படிப்பட்ட ஆன் லோ 1963இல் திவால் ஆனார். அதற்கு முன்பே வரித்துறை கடையை மூடிவிட்டது, ஒரு கண்ணும் போயிருந்தது.

இவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பாதையில் போகிறார்கள். முதல் பாதை, ஜாக்கியின் கல்யாண உடை, தண்ணீர்க் குழாய் உடைந்தது, பெயரைச் சொல்லாமல் விட்டது, அத்தோடு கதை முடிந்தது. இரண்டாவது பாதை இன்னும் சுலபம்: கை நல்ல கை, ஆனால் கணக்குத் தெரியாதவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் இரண்டும் போதாது என்பது என் கருத்து. அவர் கணக்கில் ஓட்டை எங்கே விழுந்தது, அதை ஏன் கடைசிவரை அடைக்க முடியவில்லை என்று தேடிக்கொண்டே போனால், அவர் பெயர் வெளியே தெரியாமல் போனதும் காசு கையில் தங்காமல் போனதும் ஒரே பிரச்சினை என்று தெரிகிறது. அதைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கப் போகிறேன்.

பாட்டி, அம்மா, மகள்

ஆன் லோ 1898இல் அலபாமா மாநிலத்தின் கிளேட்டன் என்ற சிறிய ஊரில் பிறந்தார். கறுப்பினக் குடும்பம். ஜார்ஜியா என்ற பெயருடைய பாட்டி அடிமையாக இருந்தவர். விடுதலை பெற்ற தச்சர் ஒருவர் அவரை மீட்டு மணந்துகொண்டார். பாட்டிக்குத் தையல் தெரியும், அம்மா ஜேனிக்கும் தெரியும், இரண்டு பேருமாகச் சேர்ந்து வெள்ளைக்காரப் பெரிய வீட்டுப் பெண்களுக்குத் தைத்துக் குடும்பத்தை நடத்தினார்கள். வெட்டிப் போட்ட துணித் துண்டுகளை எடுத்து, தோட்டத்தில் பார்த்த பூக்களைப் போலவே துணிப்பூ செய்வதுதான் சிறுமி ஆனின் விளையாட்டு. இதை வெறும் குழந்தைப் பருவத் தகவல் என்று தள்ளிவிடாதீர்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அவர் தைத்த உடையை அடையாளம் காட்டியது அந்தத் துணிப்பூதான்: இதழ் இதழாக வெட்டி, ஓரம் சுருட்டி, கையால் தைத்துப் பொருத்திய ரோஜாவும் கார்னேஷனும்.

1914இல் அம்மா திடீரென்று இறந்துபோனார். அப்போது அலபாமா ஆளுநரின் மனைவிக்காக நான்கு விருந்து உடைகள் பாதியில் நின்றன. பதினாறு வயதுக்குள் இருந்த மகள் உட்கார்ந்து நான்கையும் முடித்துக் கொடுத்தார். படிப்பை ஏற்கெனவே நிறுத்தியாகிவிட்டது, கல்யாணமும் ஆகிவிட்டது. கணவருக்கு மனைவி வெளியாருக்குத் தைப்பது பிடிக்கவில்லை, ஆகவே கொஞ்ச காலம் தனக்கு மட்டும் தைத்துக்கொண்டு வீட்டில் இருந்தார்.

அந்தத் தனக்குத் தைத்த உடைதான் வழியைத் திறந்தது. ஒரு நாள் கடையில் அவர் உடுத்தியிருந்ததைப் பார்த்த ஜோசஃபின் லீ என்ற ஃபுளோரிடா மாநிலப் பணக்காரப் பெண்மணி, இதை யார் தைத்தது என்று விசாரித்து, தாம்பா நகரத்தில் தன் வீட்டுக்கு வந்து தன் மகள்களுக்குத் தைத்துத் தரும்படி கூப்பிட்டார். கணவர் வேண்டாம் என்றார். ஆன் லோ சின்னப் பையனான மகன் ஆர்தரைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிட்டார். 1916இல் ஒரு கறுப்பினப் பெண் சின்னக் குழந்தையோடு கணவரை விட்டு வேறு மாநிலத்துக்கு வேலைக்குப் போவது எவ்வளவு பெரிய முடிவு என்பதை நாம் விளக்கவே வேண்டியதில்லை.

1917இல் நியூயார்க்கில் எஸ்.டி. டெய்லர் என்ற உடை வடிவமைப்புப் பள்ளியில் சேர்ந்தார். இவர் கறுப்பினத்தவர் என்பது நேரில் வந்த பிறகுதான் பள்ளிக்குத் தெரிந்தது. சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் மற்ற மாணவிகளோடு உட்காரக்கூடாது என்று தனி அறையில் வைத்தார்கள். கொஞ்ச நாளில் இவர் தைத்த துணிகளை எடுத்துப் போய் மற்றவர்களுக்கு மாதிரி காட்ட ஆரம்பித்தார்கள், அப்புறம் அந்த மாணவிகளே இவர் அறைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மற்றவர்களுக்கு ஆன காலத்தில் பாதியிலேயே பாடத்தை முடித்துவிட்டார். கைவேலையை உள்ளே விட்டு ஆளை வெளியே நிறுத்துவது என்ற ஏற்பாட்டை முதன்முதலில் இவ்வளவு பச்சையாக அவர் பார்த்தது இங்கேதான். வாழ்நாள் முழுக்க அவர் செய்த வியாபாரமும் இதே ஏற்பாட்டில்தான் நடந்தது.

படிப்பு முடிந்து திரும்பிய பிறகு தாம்பா காலம் நல்ல காலம். அங்கே ஆண்டுதோறும் காஸ்பரில்லா என்று கடற்கொள்ளைக்காரர் வேடத்தில் பெரிய திருவிழா நடக்கும். ராஜா, ராணி, தோழியர் என்று ஊர்ப் பெரிய குடும்பத்துப் பெண்கள் அலங்காரமாக வருவார்கள். அந்த ராணி உடைகளுக்கு ஆன் லோவைத்தான் தேடிப் போனார்கள். சொந்தக் கடை, கீழே பயிற்சி எடுத்த பெண்கள், கையில் சேமிப்பு. 1928இல் சேர்த்து வைத்த 20,000 டாலரோடு நியூயார்க்குக்குக் கிளம்பினார். அடுத்த ஆண்டே பங்குச் சந்தை சரிந்தது. சேமிப்பு கரைந்ததும் சொந்தக் கடையை விட்டுவிட்டு மற்றவர்களிடம் போய்த் தைத்துக் கொடுக்கும் நிலைமை வந்தது.

வேறொருவர் பெயரில் போன உடைகள்

நியூயார்க்கில் அவர் வடிவமைத்துக் கொடுத்த இடங்களைப் பார்த்தால் ஹென்றி பெண்டல், ஹாட்டி கார்னகி, சாக்ஸ் என்று அந்தக் காலத்தின் பெரிய பெயர்களாக இருக்கும். ஆனால் உடையின் கழுத்துப் பகுதியில் தைக்கிற பெயர்ப்பட்டையில் அந்தக் கடைகளின் பெயர்தான் இருக்கும். அன்று துறையில் இது சகஜம்தான், பல வெள்ளையர்களுக்கும் இதே கதி. வித்தியாசம் என்னவென்றால், அவர்களில் திறமைசாலிகள் சில ஆண்டுகளில் முதலீட்டாளரைப் பிடித்துத் தன் பெயரில் கடை போட முடிந்தது. ஆன் லோவுக்கு வங்கியும் முதலீட்டாளரும் எட்டாத தூரத்தில் இருந்தார்கள்.

இதற்கு நல்ல உதாரணம் 1947 ஆஸ்கர் விழா. சிறந்த நடிகை விருதை வாங்க ஒலிவியா டி ஹேவிலண்ட் மேடை ஏறியபோது உடுத்தியிருந்த, கையால் பூ வரைந்த உடை ஆன் லோவின் வடிவமைப்பு. பெயர்ப்பட்டை சோனியா ரோசன்பர்க் என்ற கடைக்குச் சொந்தம். அந்தப் புகைப்படத்தைப் பார்த்து, எனக்கும் இதைப்போல வேண்டும் என்று கேட்டு வந்திருக்கக்கூடிய ஒவ்வொரு பெண்ணும் சோனியாவின் கடைக்கு வந்திருப்பார். ஒரு வடிவமைப்பாளருக்கு மூலதனம் என்றால் துணியோ தையல் மெஷினோ இல்லை, இந்த மாதிரி ஒரு புகைப்படம்தான். அதை அவர் பல ஆண்டுகள் மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

1950இல் மகன் ஆர்தரைக் கூட்டு வைத்துக்கொண்டு தன் பெயரில் கடை திறந்தார். வரவு செலவு, பில், வரி எல்லாம் ஆர்தர் கையில். வெட்டுவதும் தைப்பதும் அம்மா கையில். ஓடக்கூடிய ஏற்பாடுதான் இது.

அவருடைய முக்கியமான சந்தை எது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நஷ்டத்தின் வேர் அதில்தான் இருக்கிறது. பணக்காரக் குடும்பத்துப் பெண்களைப் பதினெட்டு வயதை ஒட்டி, உயர்தட்டுச் சமூகத்துக்கு அறிமுகப்படுத்தும் பெரிய நடன விருந்துகள் அன்று நடக்கும். டெபுடான்ட் விருந்து என்பார்கள். வெள்ளை உடை, நீளக் கையுறை, அப்பா கையைப் பிடித்து நடந்து வருவது. ஒரே விருந்தில் பல பெண்கள், எல்லோரும் வெள்ளையில், அதனால் ஒருத்தியின் உடை இன்னொருத்தியின் உடையைப் போல இருந்துவிட்டால் அம்மாக்களுக்குப் பொறுக்காது. ஆன் லோ கொடுத்த உறுதி அதுதான்: ஒரு உடையைப் போல இன்னொன்று இருக்காது. இந்த உறுதிக்காகத்தான் அவரைத் தேடி வந்தார்கள்.

வியாபாரக் கண்ணோடு பாருங்கள். அதே ஆண்டுகளில் ஆயத்த உடைத் தொழில் நடந்த நியூயார்க்கின் செவன்த் அவென்யூவில் ஒரு வடிவத்துக்கு ஒரு தடவை பேட்டர்ன் (வெட்டு மாதிரி) போட்டு ஆயிரக்கணக்கில் வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அங்கே வடிவமைப்புச் செலவு ஆயிரம் உடைகளில் பங்கு பிரியும். ஆன் லோவிடம் அது முழுசாக ஒரே உடையின் மேல் விழும். பேட்டர்ன் புதிது, அலங்காரம் புதிது, அளவு ஒருத்திக்கானது, அந்தப் பெண்ணும் அதை அநேகமாக ஒரு தடவைதான் உடுத்துவாள். பாரிஸின் பெரிய உடையகங்களும் இப்படித்தான் தைத்தன என்று சொல்லலாம். சரி, ஆனால் அவர்களுக்கு வாசனைத் திரவியம், உரிமம், அமெரிக்கக் கடைகளுக்கு மாதிரியை விற்பது என்று பக்கத்தில் வேறு வருமானங்கள் இருந்தன. டியோர் 1947இல் முதல் தொகுப்பை வெளியிட்ட கையோடு வாசனைத் திரவியத்தையும் கொண்டுவந்துவிட்டார். பெயர் பிரபலமாக இருந்தால்தான் அந்தப் பக்கத்து வருமானம் வரும். வெளியே தெரியாத பெயரைப் போட்டு யாரும் செண்ட் பாட்டில் விற்க முடியாது.

1953: பத்து நாள்

ஆக்கின்க்ளாஸ் குடும்பத்துக்கு ஆன் லோ புதியவர் இல்லை. 1942இல் ஜாக்கியின் அம்மா ஜேனட், ஹ்யூ ஆக்கின்க்ளாஸை மறுமணம் செய்தபோது உடுத்தியதும் இவர் தைத்ததுதான். ஆகவே 1953இல் மகளுக்கு மாசசூசெட்ஸ் செனட்டர் ஜான் கென்னடியோடு கல்யாணம் என்றதும், மணப்பெண் உடையும் தோழிகளின் உடைகளும் இவரிடம் வந்தன.

மணப்பெண் உடைக்கு 50 கெஜம் தந்த நிற டஃபேட்டா பட்டு. தோள் வரை அகன்ற கழுத்து, மேல் பாகத்தில் மெல்லிய டக் மடிப்பு வைத்த பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று குறுக்காகப் பின்னிக்கொண்டு வரும், கீழே பெரிய பாவாடையில் அதே டக் மடிப்புகள் வட்ட வட்டமாக, நடுவில் சின்னப் பூக்கள். டக் வைத்துத் தைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், டஃபேட்டா மன்னிக்காத துணி. ஊசி போன இடம் தெரியும், பிரித்தால் தடம் நிற்கும், அயர்ன் கொஞ்சம் கூடினால் பளபளப்பு மாறும். அந்தத் துணியில் வட்டமாக டக் போடுவதற்கு ஒவ்வொரு மடிப்பையும் வளைவுக்கு ஏற்ற மாதிரி கையால் அளந்து ஒதுக்க வேண்டும். வேலை இரண்டு மாதம் பிடித்தது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பட்டறையில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. மணப்பெண் உடையையும் சேர்த்து, 15 உடைகளில் 10 பாழாகிவிட்டன. திரும்பத் துணி வாங்கி, கூடுதல் ஆட்களைப் போட்டு, இரவு பகலாகத் தைத்து முடித்தார்கள். இந்த வேலையில் 700 டாலர் லாபம் வரும் என்று எதிர்பார்த்தவருக்கு 2,200 டாலர் நஷ்டம். நடந்ததைக் குடும்பத்திடம் அவர் சொல்லவே இல்லை. ஒரு டாலர் கூடக் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? இதில்தான் எனக்கு இந்த மொத்த நிகழ்வும் குவிந்து நிற்பதாகத் தோன்றுகிறது. அவர் பெயர் பத்திரிகையில் பரவுவதில்லை, கடை வாசலில் கண்ணாடி ஜன்னல் வைத்து ஆள் கூட்டுகிற வியாபாரமும் இல்லை. வேலை வந்ததெல்லாம் ஒரு வீட்டு அம்மா இன்னொரு வீட்டு அம்மாவிடம் சொல்லி வந்தது. அந்த வாய்வழிச் சங்கிலியில் ஒரு வீட்டில் மட்டும், கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் உடை நாசமாகிவிட்டதாம் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், நாற்பது வருட உழைப்பு போயிற்று. வெளியே பெயர் பெற்ற ஒரு வடிவமைப்பாளருக்கு அதே விபத்து அனுதாபச் செய்தியாகப் போயிருக்கும், செலவைப் பகிர்ந்துகொள்ளலாமா என்று பேசவும் வாய்ப்பு இருந்திருக்கும். ஆன் லோவுக்கு மௌனம்தான் மலிவான வழியாக இருந்தது, அந்த மலிவான வழியின் விலையே 2,200 டாலர்.

உடைகளை அவரே ரோட் ஐலண்டில் உள்ள நியூபோர்ட்டுக்கு எடுத்துப் போனார். வீட்டில் வேலைக்காரர்கள் போகும் பின்வாசல் வழியாக வரச் சொன்னார்கள். முன்வாசல் வழியாக விடாவிட்டால் உடைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று நின்றார். முன்வாசல் வழியாகத்தான் போனார். பணத்தில் அவ்வளவு விட்டுக்கொடுத்தவர் இதில் ஒரு அடி கூட விட்டுக்கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பயந்த சுபாவம், கேட்கத் தெரியாதவர் என்று அவரைச் சித்திரிப்பது தவறு. எங்கே பேசலாம், எங்கே பேசினால் பிழைப்பு போகும் என்று நன்றாகத் தெரிந்தவர்.

செப்டம்பர் 12, 1953. நாடு முழுக்கப் பத்திரிகைகளில் படம் வந்தது. துணி எவ்வளவு, நிறம் என்ன, கழுத்து எப்படி என்று விவரித்தார்கள். தைத்தவரின் பெயரைப் பெரும்பாலான பத்திரிகைகள் போடவில்லை. 1961இல், ஜாக்கி வெள்ளை மாளிகைக்குப் போன பிறகு, ஒரு பெரிய பெண்கள் இதழில் அந்த உடையைத் தைத்தது ஒரு கறுப்பினத் தையற்காரி என்று மட்டும் பெயரில்லாமல் வந்தது. ஆன் லோ ஜாக்கிக்கே கடிதம் எழுதித் தன் வருத்தத்தைத் தெரிவித்தார். தன்னை ஒரு பெயர் பெற்ற வடிவமைப்பாளர் என்று குறிப்பிட்டிருக்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. அந்தக் கடிதம் இன்றும் பாஸ்டனில் கென்னடி நூலகத்தில் இருக்கிறது. அதை வெறும் தன்மானப் பிரச்சினையாக மட்டும் நான் படிக்கவில்லை. அந்த ஒரு வரி சரியாக அச்சாகியிருந்தால் அது விளம்பரம், விளம்பரம் இருந்தால் விலையைச் சொல்லுகிற தைரியம். எட்டு ஆண்டுகள் தாமதமாகத்தான் என்றாலும் அது வந்திருக்கலாம், வரவில்லை.

கணக்கு

இப்போது நேராகப் பணத்துக்கு வருவோம். அவரிடம் உடை வாங்கிய பணக்காரப் பெண்கள் பேரம் பேசினார்கள், அதுவும் சில்லறைப் பேரம் இல்லை, நூற்றுக்கணக்கான டாலர்களைக் குறைத்தார்கள். அதே வேலைக்கு வெள்ளை வடிவமைப்பாளருக்குக் கொடுக்கும் விலையை இவருக்குக் கொடுக்கவில்லை. ஆட்களுக்குக் கூலி கொடுத்த பிறகு பல உடைகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. தன் தொழிலின் உச்சத்தில் இருந்தபோதும் கையில் காசில்லாமல்தான் இருந்தேன் என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

1964இல் ஒரு வார இதழுக்குக் கொடுத்த பேட்டியில் இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: 300 டாலருக்கு விற்ற உடைகளில் தான் 450 டாலர் அளவுக்குச் செலவு செய்துகொண்டிருந்தது காலம் கடந்துதான் தெரிந்ததாம். ஒவ்வொரு உடைக்கும் 150 டாலர் கையை விட்டுப் போகிறது. இப்படி இருக்கும்போது வியாபாரம் பெருகப் பெருக நஷ்டமும் பெருகும். 3 லட்சம் டாலர் விற்பனை, 35 ஆட்கள் என்ற எண்களைப் பெருமையாகச் சொல்வார்கள், எனக்கு அந்த எண்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

கணக்குத் தெரியாதவர் என்ற வாதத்தை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். செலவை உடைக்கு உடை கணக்கு வைக்காதது அவர் தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் 450 செலவாகிறது என்று முன்பே தெரிந்திருந்தால் 600 கேட்டிருக்க முடியுமா? யாரிடம்? அந்த அம்மாக்கள் அவரிடம் வந்ததற்கு ஒரு காரணம், பாரிஸ் தரத்தில் தைக்கிறார், பாரிஸ் விலை இல்லை என்பது. அவர்களுக்கு அவர் ஒரு ரகசியம். உயர்தட்டு வட்டாரத்தின் பத்திரமான ரகசியம் என்றே அவரைப் பற்றி எழுதினார்கள். பாராட்டு மாதிரி கேட்கிறது, ஆனால் ரகசியமாக வைத்திருக்கும்வரைதான் அந்த விலைக்குக் கிடைப்பார் என்பது வாங்குகிறவர்களுக்குத் தெரியும். செலவைக் குறைத்திருக்கலாமே என்றால், அதற்கும் அவர் உடன்படவில்லை. உடையின் உள்பக்கத்திலும் மேல்பக்கம் மாதிரியே வேலை இருக்கும்: தையல் ஓரங்களுக்கு லேஸ் கட்டி மூடியிருப்பார், உள்ளேயே மார்புத் தாங்கலும் எலும்புப் பட்டையும் வைத்துத் தைத்திருப்பார், அடி மடிப்பெல்லாம் கையால். வெளியே தெரியாத இந்த வேலையைக் குறைத்திருந்தால் நஷ்டம் குறைந்திருக்கும், உடை உட்காரும் விதமும் குறைந்திருக்கும். அந்த உட்காரும் விதத்துக்காகத்தான் ஆட்கள் வந்தார்கள்.

1958இல் மகன் ஆர்தர் கார் விபத்தில் இறந்தார். கணக்குப் புத்தகம் பார்த்தவர் அவர் ஒருவர்தான். ஆன் லோவின் வாழ்க்கையில் குழாய் உடைந்ததைவிடப் பெரிய அடி இது, ஆனால் அவரைப் பற்றிய கட்டுரைகளில் ஒரு வரியில் கடந்து போய்விடுகிறார்கள். அறுபதை நெருங்கும் வயதில் ஒரே மகனையும் வியாபாரக் கூட்டாளியையும் ஒரே நாளில் இழந்தவர், அடுத்த நாளும் ஆர்டர் முடித்தாக வேண்டும். பில் போடுவது, வசூலிப்பது, வரி கட்டுவது எல்லாம் அப்போதிலிருந்து சரியத் தொடங்கியது. 1960இல் வரி பாக்கியால் கடை போயிற்று.

அந்த நேரத்தில் சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூ அவரைக் கூப்பிட்டு, ஆடம் ரூம் என்ற தங்கள் பிரிவில் தலைமை வடிவமைப்பாளராக வைத்துக்கொண்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் துணிச் செலவும் ஆள் கூலியும் அவர் தலையிலேயே இருந்தன. சாக்ஸுக்கு அவருடைய வாடிக்கையாளர் பட்டியல் கிடைத்தது. அவருக்குப் பெரிய கடையின் முகவரி கிடைத்தது, அடிக் கணக்கு மாறவில்லை. 1962இல் அங்கிருந்து விலகி மறுபடியும் தனியாகக் கடை நடத்தினார்.

அதே 1962இல் குளுக்கோமா என்ற கண் நோய் முற்றி வலது கண்ணை எடுக்க வேண்டி வந்தது. கண் போனதைப் பற்றி அவர் புலம்பியதாகப் படித்ததில்லை, தையலைப் பற்றித்தான் கவலைப்பட்டிருக்கிறார். துணி, சாமான் கொடுத்தவர்களுக்கு 10,000 டாலர், வரி பாக்கி 12,800 டாலர். பெண்டல், நைமன் மார்க்கஸ் ஆகிய பெரிய கடைகளில் இருந்த நண்பர்கள் கடன் கொடுத்துப் பார்த்தார்கள், அப்படியும் வரித்துறை இந்தக் கடையையும் மூடியது. அப்புறம் பெயர் சொல்லாத யாரோ ஒருவர் வரி பாக்கி முழுவதையும் கட்டிவிட்டார். அது ஜாக்கியாகத்தான் இருக்கும் என்று ஆன் லோ நம்பினார். இருந்தாலும் இருக்கலாம். ஆனால் 1953இல் முழு விலையும், 1961இல் ஒரு வரியில் பெயரும் கிடைத்திருந்தால் யாரும் ரகசியமாக உதவ வேண்டிய நிலைமையே வந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு

திவாலுக்குப் பிறகும் அவர் விடவில்லை. ஒற்றைக் கண்ணோடு, அந்தக் கண்ணிலும் புரை விழுந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 1968இல் மேடிசன் அவென்யூவில் ஆன் லோ ஒரிஜினல்ஸ் என்று மறுபடியும் கடை திறந்தார். பார்வை மங்கியபோது அவர் வரைவதை விட்டுவிட்டு, வாயால் சொல்லச் சொல்ல உதவியாளர்கள் வரைந்தார்கள். பெயர்ப்பட்டையில் இப்போது அவர் பெயர் இருந்தது. ஆனால் காலம் மாறிவிட்டது. அறுபதுகளின் கடைசியில் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கே வெள்ளை உடையும் அறிமுக விருந்தும் பழசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது, குட்டைப் பாவாடையும் ஆயத்த உடையும் வந்துவிட்டன. பெயர் கைக்கு வந்த நேரத்தில் சந்தை கரைந்து போனதை நினைத்தால் மனசு கனக்கிறது. 1972இல் ஓய்வு பெற்றார். தத்து மகள் ரூத்தின் வீட்டில், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், 1981 பிப்ரவரி 25 அன்று காலமானார்.

உடைகள் தப்பியதற்கு லோயிஸ் அலெக்சாண்டர் லேன் என்பவருக்கு நன்றி சொல்ல வேண்டும். 1979இல் ஹார்லெமில் கறுப்பினத்தவர் உடைக்கலைக்கென்றே ஒரு அருங்காட்சியகத்தைத் தொடங்கி, பெயர் தெரியாமல் போன தையல்காரர்களின் வேலையைத் தேடித் தேடிச் சேர்த்தவர் அவர். அந்தத் தொகுப்பு இன்று வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆன் லோவின் உடைகளும் அதில் உண்டு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. 2023 செப்டம்பரில் டெலவேர் மாநிலத்தின் விண்டர்தூர் அருங்காட்சியகம் சுமார் 40 உடைகளை வைத்து அவருக்கென்று தனிக் கண்காட்சி நடத்தியது. ஜாக்கியின் உடை வெளியே எடுக்க முடியாத அளவுக்கு நைந்துவிட்டதால், டெலவேர் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் காத்யா ரோயல்ஸி அசலைப் பக்கத்தில் வைத்து ஆராய்ந்து, அதே மாதிரி ஒன்றைத் தைத்துக் கொடுத்தார். இன்றைய மெஷின், இன்றைய வெளிச்சம், போதுமான நேரம் எல்லாம் இருந்தும் அது லேசான வேலையாக இருந்திருக்காது. முதல் தடவை இரண்டு மாதத்திலும் இரண்டாம் தடவை பத்து நாளுக்குள்ளும் அதே வேலையை முடித்தவருக்கு அதில் கிடைத்த லாபம் பூஜ்யத்துக்கும் கீழே.

இந்த அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் அவர் உடைகளின் படங்கள் கிடைக்கின்றன. தையல் தெரிந்தவர்கள் கட்டாயம் பாருங்கள். முன்பக்கப் படம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் உள்பக்கம் தெரிகிற படம் ஒன்று கிடைத்தால் அதைப் பெரிதாக்கி, லேஸ் கட்டிய ஓரங்களையும் கைத்தையலையும் பார்த்துவிட்டு, உங்கள் ஊர்க் கூலியில் அதற்கு என்ன ஆகும் என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள்.